புங்கன் கிளைகளைக் கழித்தது நான்தான்

செஞ்சி,
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமிழினிக்கு நைனா எழுதிக்கொள்வது. நீ, மாப்பிள்ளை, குட்டி அனு, உங்க அம்மா நாலு பேரும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சிங்கவரம் ரங்கநாதரை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே எனக்கும் ஒரு குறையும் இல்லை, பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று தவறாமல் போடுகிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். வீடியோவில் உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடிகிறதா, நீயே சொல். நீ போனை எடுத்தால் உன் தோளுக்குப் பின்னால் உங்க அம்மா நிற்கிறாள், நிற்காவிட்டாலும் அடுப்படியிலிருந்து அவள் குரல் வருகிறது. நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால்தான் இதை மாப்பிள்ளையின் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அவருக்கு மட்டும் ஒரு மெசேஜ் போட்டு வைத்திருக்கிறேன், உன் கையில் கொடுப்பார். அம்மா அனுவைத் தூங்க வைக்கிற நேரமாகப் பார்த்துப் படி.

விஷயம் இதுதான். கொல்லையில் புங்க மரத்தடியில் உங்க அம்மா வளர்த்த இலைச் செடிகள் எல்லாம் கருகிப்போய்விட்டன. வெயிலில் கருகின, அந்த வெயிலை உள்ளே விட்டவன் நான். பிப்ரவரி முதல் வாரம் ஒரு நாள் காற்று அடித்தபோது, புங்கங்கிளை ஒன்று நம் வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயரில் உரசிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த ஒரு கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவனுக்கு அப்படி விட மனசு வருமா. ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஏணியைச் சாய்த்து, அரிவாளும் தொரட்டியுமாக ஏறிவிட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் லைனுக்கு இரண்டு பக்கமும் கிளை கழிப்போமே, அது கைக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஆறடி, அந்தப் பக்கம் ஆறடி, பிறகு பார்க்க ஒழுங்காக இல்லையே என்று மேலேயும் கொஞ்சம். இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தேன், ரொம்பத் திருப்தியாக இருந்தது. நம் கொல்லையிலிருந்து ராஜகிரிக் கோட்டை உச்சி தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். செடிகளின் ஞாபகம் எனக்கு வந்தது மூன்றாம் நாள், அப்போது அக்லோனிமா இலைகள் வெள்ளைத் தாள் மாதிரி ஆகி, தொட்டால் நொறுங்கின. கோலியஸ் எல்லாம் ஒரே மத்தியானத்தில் தொங்கிவிட்டன. வெயில் பட்ட செடிக்குத் தாகமாக இருக்கும் என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். அதில் மிச்சமிருந்த வேரும் அழுகிப்போயிற்று. கலர் சேம்பு மட்டும் தப்பித்தது, அது மார்கழியிலேயே இலை உதிர்ந்து மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. போகும்போது அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த வரிசையில் அதுதான் முதல் வரி, மார்கழியில சேம்புத் தொட்டி காலியாயிடுச்சேன்னு கொட்டிடாதீங்க, தூங்கும்.

உனக்கு அந்தச் செடிகளைப் போட்டோவில்தான் பழக்கம். நீ கனடா போன வருஷம்தான் அவள் இதை ஆரம்பித்தாள். மல்லியும் கனகாம்பரமும் புங்க நிழலில் பூக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததும், திண்டிவனம் ரோட்டு நர்சரியில் விசாரித்து, நிழலிலேயே நிறம் கொடுக்கிற செடி என்று அக்லோனிமா ஒன்று வாங்கி வந்தாள். கலப்பு ரகமாம், இலைக்குள்ளேயே சிவப்பும் ரோஸும் ஓடும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து முப்பது தொட்டிக்கு மேல் ஆயிற்று. நர்சரிக்காரன் சொன்ன பெயர் அவள் வாயில் நுழையாது, புடவையைப் பார்த்துத்தான் பெயர் வைப்பாள். நடுவில் ரோஸ், ஓரத்தில் பச்சை என்றால் அது உன் கல்யாணப் பட்டு. கருஞ்சிவப்பு என்றால் அவள் அம்மா வீட்டில் கொடுத்த சுங்கடி. தலையில் வைக்க முடியாது, சாமிக்குப் போட முடியாது, குழம்பிலும் போட முடியாது, இதற்கு எதற்கு இத்தனை தண்ணீர் என்று நான் கிண்டல் செய்வேன். ஒரு நாள் சொன்னாள், பூவு காலைல வருது சாயங்காலம் பூடுது, எல கூடவே இருக்குது, எனக்கு இது போதும் என்று. நீ விமானம் ஏறி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை, நான் டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன்.

போன ஐப்பசியில் நீங்கள் டிக்கெட் போட்டபோது என்னையும் வரச் சொன்னீர்கள். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டு நான் நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு விமானம் ஏறப் பயம், கம்பத்தின் மேல் ஏறுகிறவனுக்கு என்ன பயம் என்று கேட்காதே, கம்பத்தில் என் காலை நானே வைப்பேன். ஆக, செடியைச் சாக்கு வைத்து நின்றவன் செடியையும் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு கொல்லையைக் காட்டுங்கள் என்று அவள் வீடியோவில் கேட்டால், நெட் சரியில்லை, சார்ஜ் இல்லை என்று எதையாவது சொல்லித் தப்பித்து வந்தேன். ஒரு நாள் விடவில்லை, காட்டித்தான் ஆக வேண்டும் என்றாள். நம் கொல்லையிலிருந்தே பேசிக்கொண்டு அப்படியே சுவரோரமாக நடந்து, பக்கத்து வீட்டு வள்ளியம்மாளின் தொட்டிகளைக் காட்டிவிட்டேன். உங்க அம்மா ம் என்றாள். அதிலிருந்து பத்து நாளாக இங்கே இருக்கிற செடியைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அனு குப்புற விழுந்தாள், அனு சிரித்தாள், இல்லாவிட்டால் அங்கே இருக்கிற செடி, அவ்வளவுதான். தப்பித்தோம் என்று முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது, அப்புறம் எப்போது கேட்பாள் என்று நானே காத்திருக்க ஆரம்பித்தேன்.

அங்கே உன் வீட்டுக்குப் பின்னால், வெயிலே விழாத கராஜ் பக்கத்தில், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கொடுத்த செடியை அவள் பனி விழுவதற்கு முன்னால் நட்டாளே, ஹியூக்கெரா என்று நீ பெயர் சொன்னாய். அதுவும் கலப்பு ரகம்தான், அதுவும் நிழலுக்குத்தான். நாலு மாதம் பனிக்கு அடியில் கிடந்து, போன வாரம் பனி உருகினதும் வெல்லப்பாகு நிறத்திலும் எலுமிச்சை நிறத்திலும் இலை அப்படியே இருந்ததாம், இத்தன பனிக்கும் சாவல பாருங்க, வருஷா வருஷம் தானா வருமாம் என்று போனை இலைக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினாள். இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் பத்து வார்த்தை, அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒன்றும் தெரியாது, இரண்டு பேரும் கையைக் காட்டியே செடி மாற்றிக்கொள்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு யோசித்தேன், இங்கே இருந்த செடிகள் செத்துப்போய்விட்டன, அங்கே இருக்கிறது வருஷா வருஷம் வரப்போகிறது, இனி அவள் எதற்காக இங்கே வர வேண்டும்.

அதே வாரத்தில்தான் மாப்பிள்ளை விசா பேச்சை எடுத்தார். மே நடுவில் அவளுடைய ஆறு மாதம் முடிகிறது, நீ வேலைக்குத் திரும்புகிற வரைக்கும் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், பேப்பர் ஏப்ரல் பாதிக்குள் போட வேண்டும், மாமா நீங்க இன்னா சொல்றீங்க என்று கேட்டார். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, போடுங்கள் என்றேன். குழந்தைக்குத்தான் முதலில், நான் சமாளித்துக்கொள்வேன். சோறு வடிக்கப் பழகிவிட்டேன், குழம்பு இரண்டு நாளைக்கு வருகிறது. ஒன்றே ஒன்று உன்னிடம் சொல்கிறேன். போன வாரம் மீட்டர் ரீடிங் எடுக்க ஒரு பொண்ணு வந்தது, புதிதாகச் சேர்ந்த பொண்ணு. மீட்டரைப் பார்த்துவிட்டு, இன்னா சார், இந்த ஊட்டுல யாரும் இல்லியா, டோர்லாக்னு போட்ரட்டுமா என்று கேட்டது. நான் எதிரிலேயே நிற்கிறேன். யூனிட் அவ்வளவு குறைந்துபோயிருக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீடுகளில்தான் அப்படி ஓடும். நான்தாம்மா இருக்கிறேன் என்று அந்தப் பொண்ணிடம் சொன்னேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். கருகின அக்லோனிமா தண்டு திரும்பத் துளிர்க்க என்ன செய்ய வேண்டும் என்று, உன் சிநேகிதி யாரோ கேட்கிற மாதிரி அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுது. என் பெயர் வரக் கூடாது.

வியாழக்கிழமை.

கவரை இன்னும் ஒட்டவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன், இதையும் சேர்த்துப் படி. திங்கட்கிழமை ஒரு யோசனை வந்தது. உங்க அம்மா தன் செடிகளிலிருந்து ஊரெல்லாம் தண்டு கிள்ளிக் கொடுத்திருக்கிறாள், அந்த வீடுகளில் திரும்பக் கிள்ளி வந்து தொட்டிகளை நிரப்பிவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும். கேட்டு வாங்கின செடி பிடிக்காது, சொல்லாமல் கிள்ளிக்கொண்டு வந்ததுதான் பிடிக்கும் என்று அவள் எப்போதும் சொல்வாள், உனக்கும் ஞாபகம் இருக்கும், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் வரும்போது அவள் பையில் ஒரு குச்சி இருக்கும். சரி, நாமும் முறைப்படியே செய்வோம் என்று செவ்வாய்க்கிழமை விடிந்ததும், ரிட்டையர்டு லைன்மேன் கன்னியப்பன், இந்த ஊரில் பாதி வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுத்தவன், வள்ளியம்மாள் வீட்டுச் சுவரின் மேல் கையை நீட்டி ஒரு கோலியஸைக் கிள்ளினேன். இன்னாண்ணே, கணுவுக்குக் கீழ கிள்ளுண்ணே, அப்பத்தான் வேர் வுடும் என்று பின்னால் குரல் கேட்டது. வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மானம் போயிற்று. அவள் சிரிக்கக்கூட இல்லை, உள்ளே போய்ப் பால் கவரில் மண் போட்டு வேர் பிடிக்க வைத்திருந்த தண்டுகளை எடுத்து வந்தாள், ஏழு கவர். அக்கா பத்து நாளைக்கு முன்னாடியே போன்ல சொல்லிடுச்சு, அண்ணன் தானா வந்து கேட்டாத்தான் குடுக்கணும், நீயா கொண்டுபோய்க் குடுக்காதேன்னு, நீ எங்க கேட்ட, திருடத்தானே வந்த, பரவால்ல எடுத்துக்கோ என்றாள்.

மரத்தைக் கழித்ததை நீதான் சொன்னாயா என்று வள்ளியம்மாளைக் கேட்டேன். நான் எதுக்குச் சொல்றேன், அக்காதான் என்னைக் கேட்டுச்சு, மரத்த வெட்டிட்டாரான்னு என்றாள். உங்க அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் அவளே சொன்னாள். வீடியோல பேசறப்ப கொல்லைலதான் நின்னாரு, பின்னால நம்ம துணி தொவைக்கற கல்லு தெரியுது, அவர் மொகத்துல பளீர்னு வெயில் அடிக்குது, அந்த எடத்துல இத்தன வருஷத்துல வெயில் வுழுந்ததே இல்லியே, கண்ணு கூசிக்கினு நிக்கறாரு பாவம் என்று உங்க அம்மா சொன்னாளாம். தமிழினி, நான் செடியை மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் செடியைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேற்று அனந்தபுரம் பஸ் ஏறி, உங்க அம்மாவின் சிநேகிதி கலைச்செல்வி டீச்சர் வீட்டுக்குப் போனேன். உன் கல்யாணப் பட்டுச் செடி அங்கே ஒரு தொட்டியில் இருப்பது எனக்குத் தெரியும், உங்க அம்மா பிரித்துக் கொடுத்தபோது நான்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். போகவே கூச்சம், ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு வேப்ப மரத்தையும் லைனுக்காக நான்தான் கழித்தேன், ஒரு கிளையாவது விடுங்கள் சார் என்று டீச்சர் கெஞ்சினார்கள், லைன்தாம்மா முக்கியம் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் மறக்கவில்லை. எங்க மரத்த மொட்டையடிச்சீங்க, இப்ப சொந்த மரத்தையும் முடிச்சிட்டீங்களா என்று சொல்லிக்கொண்டே வேக வைத்த மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து வைத்தார்கள். அங்கேயும் தொட்டி தயாராக இருந்தது, இரண்டு பக்கக் கன்றோடு. மங்கை போன் செய்தாளா என்று உங்க அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டேன். செய்தாங்க என்றார்கள். எப்ப வர்றீங்கன்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லல, மொதல்ல செடி புடிக்கட்டும் டீச்சர்னு சொன்னாங்க என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது. பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன், இறங்க வேண்டிய இடம் தாண்டி டெப்போ வரைக்கும் போய்விட்டேன். தான் வருவதற்குள் தோட்டம் தயாராக இருக்கட்டும் என்று சொன்னாளா, இல்லை, தான் வரப்போவதில்லை, இந்த மனுஷனுக்குப் பொழுது போக நாலு செடியாவது இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்கிறாளா. இரண்டுக்கும் அந்த வார்த்தை சரியாகத்தான் இருக்கிறது. ஒரு டம்ளரைக் கீழே போட்டால்கூட அரை நாள் திட்டுகிறவள், முப்பது தொட்டியைக் கருக்கினவனை ஒரு வார்த்தை திட்டவில்லை என்றால் நான் என்ன என்று நினைப்பது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கல்யாணமான முப்பத்து மூன்று வருஷத்தில், நீ பிறந்த சமயம் தவிர, அவள் சேர்ந்தாற்போல நாலு நாளுக்கு மேல் வெளியே தங்கியதில்லை, அதனால் எப்போது வருவாய் என்று அவளைக் கேட்டுப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. போனில் கேட்கலாம் என்று நேற்றுச் சாயங்காலம் எடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள். நான் சமாளித்துக்கொள்வேன் என்று எழுதியது பொய். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மாப்பிள்ளையிடம் சொன்னதும் பொய். வீடு எனக்குப் பெரிதாக இருக்கிறது, அவள் இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் அவள் வேண்டும், கைக்குழந்தைக்காரி, அது எனக்குத் தெரியாமல் இல்லை. நீயும் அவளும் சேர்ந்து எந்த முடிவு எடுத்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், ஆனால் நைனாவுக்குப் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு முடிவு எடுக்காதீர்கள். அவளிடம் இதையும் சொல், செடிக்காக அவள் வர வேண்டாம், செடி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் என்னைப் பார்க்க வரட்டும்.

மற்றபடி வந்த கவர்களை எல்லாம் தொட்டியில் வைத்துவிட்டேன், டீச்சர் கொடுத்ததில் இரண்டு கன்றையும் தனியாகப் பிரித்து வைத்தேன், தூங்குகிற சேம்பையும் சேர்த்து மொத்தம் பதினோரு தொட்டி. தண்ணீர் மண் காய்ந்த பிறகுதான், விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன், டீச்சர் சொல்லிக் கொடுத்தார்கள். நிழலுக்கு உங்க அம்மாவின் பழைய வாயில் புடவை ஒன்றை மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கட்டியிருக்கிறேன், அந்த நீலப் பூப் போட்டது, அவள் கேட்டால் நல்ல புடவை இல்லை என்று சொல். புங்கன் வெட்டின இடத்திலெல்லாம் துளிர் விட்டிருக்கிறது, வைகாசிக்குள் பாதி நிழலாவது வந்துவிடும். இனிமேல் அந்த ஒயர் பக்கம் நான் கை வைக்கப்போவதில்லை, ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் வந்து ஒயரை நகர்த்தட்டும்.

அனு தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கிறது, அதில் ஹீட்டரும் சேர்த்து மூன்று பிளக் செருகியிருக்கிறீர்கள், போன தடவை வீடியோவில் பார்த்தேன். முதலில் அதை அங்கிருந்து எடு, ஹீட்டரைச் சுவர் பிளக்கில் மட்டும் போடு, மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிற உடம்பு. அனுவுக்குத் தாத்தாவின் முத்தம். அவள் நீண்ட ஆயுளோடு நன்றாக வளரட்டும், மாப்பிள்ளைக்கும் உனக்கும் ரங்கநாதர் எல்லா நன்மையும் தரட்டும்.

மறந்துவிடாதே, அம்மாவுக்குத் தெரியாமல் படி என்று முதலில் எழுதினேன் அல்லவா, அது வேண்டாம். விசா பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து படித்துக் காட்டு. பதிலை நீ எழுத வேண்டாம், அவளையே போனில் சொல்லச் சொல். நான் கொல்லையில் அதே இடத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேசுவேன், முகத்தில் வெயில் விழட்டும், அவள் பார்த்துக்கொள்வாள்.

உன் நைனா,
கன்னியப்பன்